சுண்டை: பழம்பெயரும் புதுச்செடியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழர் உணவிலும் சித்த மருத்துவத்திலும் இடம்பெறும் சுண்டை இன்று சொலானம் டார்வம் என்னும் குறுஞ்செடியாக இனங்காணப்படுகிறது. அச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்டது. சுண்டை என்னும் சொல்லோ தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளுக்குப் பொதுவாய் அமைந்த பழஞ்சொல். சொல்லின் பழமைக்கும் செடியின் வருகைக்கும் இடையிலுள்ள இம்முரண் எவ்வாறு நேர்ந்திருக்கக்கூடும் என்பதையும், மருத்துவ நூல்களில் வரும் சுண்டையை இன்றைய செடியோடு அப்படியே ஒன்றாகக் கொள்வதால் விளையும் இடர்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குறிச்சொற்கள்: சுண்டை, சுண்டைவற்றல், தாவரப் பெயராய்வு, சித்த மருத்துவ அளவைகள், குணபாடம், பதிப்பியல்.

முன்னுரை

சித்த மருத்துவச் சுவடிகளையும் அவற்றின் அச்சுப் பதிப்புகளையும் பயில்வோர், மூலிகைப் பெயர் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தாவரவியற்பெயரைக் குறித்துக்கொள்வது இன்று பெருவழக்காகிவிட்டது. ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளில் இத்தகைய பட்டியல்களைக் காணலாம். பெரும்பாலான பெயர்களுக்கு இம்முறை தீங்கு செய்வதில்லை. வேம்பும் துளசியும் கடுக்காயும் அன்றும் இன்றும் ஒரே தாவரத்தையே குறிக்கின்றன. எனினும் சில பெயர்களின் பொருள் காலப்போக்கில் இடம்பெயர்ந்துள்ளது. பெயர் மாறாமல் பொருள் மட்டும் மாறியிருக்கும்போது அம்மாற்றம் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அத்தகைய ஐயத்திற்கு இடமளிக்கும் பெயர்களுள் ஒன்று சுண்டை.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கென மருத்துவப் பாடல்களிலுள்ள மூலிகைப் பெயர்களைத் தொகுத்தபோது, சுண்டைக்கு நேரே சொலானம் டார்வம் என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றவரே. அச்செடியின் தாயகம் குறித்த செய்தியைப் பின்னர் அறிய நேர்ந்தபோதுதான் அவ்வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இன்றைய சுண்டை

கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த சொலானம் டார்வம் ஏறத்தாழ 2 முதல் 3 மீட்டர் வரை வளரும் புதர்ச்செடி. தண்டிலும் இலைக்காம்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்கள் காணப்படும். இலைகள் அகன்று, ஓரம் மடல்களாகப் பிரிந்து, விண்மீன் வடிவ நுண்மயிர்களால் மூடப்பட்டிருக்கும். பூக்கள் வெண்ணிறமானவை, கொத்தாகப் பூப்பவை. காய்கள் உருண்டையாய், மயிரின்றி மழமழப்பாய், 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை விட்டமுடையனவாய் இருக்கும். முதிர்ந்தால் மஞ்சள் நிறம் பெறும். விதைகளைப் பறவைகள் பரப்புவதால் சாலையோரம், தரிசு நிலம், காட்டின் விளிம்பு எனத் திறந்த இடம் கிடைத்தவிடமெல்லாம் முளைத்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவணரசு இதனைத் தீங்கு தரும் களைகளின் பட்டியலில் வைத்திருப்பதற்கு இவ்வியல்பே காரணம்.

களையென ஓரிடத்தில் விலக்கப்படும் இச்செடி வேறிடங்களில் விரும்பி வளர்க்கப்படுகிறது. தாய்லாந்தில் பச்சை மிளகாய் அரைத்த தேங்காய்ப்பால் குழம்பிலும், ஜமைக்காவில் சுசும்பா என்னும் பெயரில் உப்புமீனோடும், கானாவில் சாறு, குழம்பு வகைகளிலும் இதன் பச்சைக்காய் சேர்க்கப்படுகிறது. உழவியலில் இதற்கு வேறொரு மதிப்பும் உண்டு. மண்வழிப் பரவும் பாக்டீரிய வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் இதன் வேர் தாங்குவதால், கத்திரி நாற்றைச் சுண்டைத் தண்டின்மேல் ஒட்டுக்கட்டும் முறை சப்பான் முதலிய நாடுகளில் நெடுநாளாக உள்ளது. தமிழகத்திலும் இவ்வொட்டு நாற்றுகள் வழக்கத்துக்கு வந்துள்ளன.

கறியும் வற்றலும்

தமிழர் சமையலில் சுண்டைக்காய் பச்சையாகவும் வற்றலாகவும் பயன்படுகிறது. பச்சைக்காயை நசுக்கிச் சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் இடுவர். வதக்கித் துவையலாக அரைப்பர். வற்றலுக்கு நேரம் அதிகம் தேவை. காயைக் கீறியோ இலேசாக நசுக்கியோ உப்பிட்ட மோரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் காயில் ஏறி வற்றும்வரை இது தொடரும். நல்லெண்ணெயில் கருக வறுத்த வற்றலைச் சோற்றில் பிசைந்து உண்பது வயிற்றுக்கு நல்லது என்பது பரவலான நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்குத் தரும் அங்காயப்பொடியில் மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, ஓமம் ஆகியவற்றோடு சுண்டைவற்றலும் சேரும்.

மோர் கசப்பை எடுத்துவிடும் என்று சொல்லக் கேட்கிறோம். ஆனால் ஊறவைத்த மோரே மீண்டும் காய்க்குள் வற்றுமாயின் கசப்புப்பொருள் வெளியேற வழியில்லை. உப்பும் புளிப்பும் அதனை நாவுக்கு மறைக்கின்றன என்று கொள்வதே பொருந்தும். காயை நசுக்கி, நீரில் அலசி, விதையைக் களைந்துவிட்டு மோரிலிடும் முறையும் சில வீடுகளில் உண்டு. கசப்பை உள்ளபடியே குறைப்பது அந்த அலசலாகத்தான் இருக்க வேண்டும். இவ்வேறுபாடு சமையற்குறிப்பு அளவில் சிறியது. நஞ்சு பற்றிப் பின்னர்க் கூறப்படும் செய்தியோடு சேர்த்துப் பார்க்கையில் அவ்வளவு சிறியதன்று.

சந்தையில் இருவகைப் பெயர்கள் வழங்குகின்றன. வீட்டுப்புறத்தில் வளர்ந்து, கசப்புக் குறைந்து, கறிக்கு ஆவதை நாட்டுச்சுண்டை அல்லது பால்சுண்டை என்பர். மலையடிவாரத்திலிருந்து வந்து, கசப்பு மிகுந்து, வற்றலுக்கு ஆவதை மலைச்சுண்டை அல்லது காட்டுச்சுண்டை என்பர். நாட்டுச்சுண்டை எனப்படுவதே கடல்கடந்து வந்த செடி என்பது பெயர்களின் விந்தைகளுள் ஒன்று.

தாயகம்

சொலானம் டார்வம் என்னும் பெயரை 1788இல் வெளியிட்டவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் ஒலோஃப் சுவார்ட்சு. மேற்கிந்தியத் தீவுகளில் பயணம் செய்து திரட்டிய தாவரங்களை அவர் விவரித்தபோது இதுவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. டார்வம் என்னும் இலத்தீன் அடைக்குக் கடுமுகமுடையது என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் இதனைத் துருக்கி நாட்டோடு இணைக்கிறது. துருக்கிக்கும் இதன் தாயகத்துக்கும் தொடர்பில்லை.

மெக்சிகோ, நடு அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் இயற்கை வாழிடங்கள். இக்கருத்துக்குச் சான்று பரவல் மட்டுமன்று. மரபணு வரிசைகளின் அடிப்படையில் சொலானப் பேரினத்தின் உறவுகளை ஆராய்ந்தவர்கள், முள்ளுடைய சொலானங்களுக்குள் டார்வக் கிளைக்குழு எனத் தனியே ஒன்றைப் பிரித்துள்ளனர். அக்குழுவில் இச்செடிக்கு நெருங்கிய உறவினங்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. நம் கத்திரியும், பழைய மருத்துவத்தில் பெயர்பெற்ற சிறுவழுதுணையும் பழைய உலகத்துக்குரிய வேறொரு கிளையில் அடங்குகின்றன. ஆகவே சுண்டையும் கத்திரியும் ஒரே பேரினத்தவையாயினும் நெருங்கிய உறவினவல்ல.

மிளகாய், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, அன்னாசி ஆகிய அமெரிக்கத் தாவரங்கள் 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே இந்தியக் கரைகளை அடைந்தன. சொலானம் டார்வமும் இத்திரளோடு சேர்த்து எண்ணத்தக்கதே. அவ்வாறாயின் அதற்கு முந்தைய தமிழ்நூல் எதிலேனும் சுண்டை என வருமாயின் அது இச்செடியாக இருக்க முடியாது.

சுண்டை என்னும் சொல்

மலையாளத்தில் சுண்ட, கன்னடத்தில் சுண்டெ எனவும், தமிழில் சுண்டை எனவும் இச்சொல் வழங்குகிறது. அண்மையில் வந்த ஒரு செடியின் பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கடனாகச் செல்லக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் மலையாள வழக்கு அவ்வாறு கொள்ள இடந்தருவதில்லை. அங்குச் சுண்ட என்பது ஒரு செடியின் பெயரன்று. முள்ளுடைய சொலானங்கள் பலவற்றின் பொதுப்பெயர். புத்தரிச்சுண்ட, ஆனச்சுண்ட, செறுசுண்ட, கண்டகாரிச்சுண்ட என அடைகொடுத்தே அவ்வவ் வகையைச் சுட்டுகின்றனர். நாம் கண்டங்கத்திரி என்பதையே அவர்கள் கண்டகாரிச்சுண்ட என்கின்றனர். தமிழில் கத்திரி ஏற்றுள்ள பொதுப்பெயர்ப் பணியை மலையாளத்தில் சுண்ட ஏற்றுள்ளது.

இதற்கு வலுவான எழுத்துச் சான்று ஹோர்டஸ் மலபாரிகஸ். கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான இந்நூலில் ஆனச்சுண்ட, செறுசுண்ட என இரு செடிகள் படத்தோடு இடம்பெறுகின்றன. சேர்த்தலை வட்டாரத்து மருத்துவர் இட்டி அச்சுதன் உள்ளிட்டோர் அளித்த செய்திகளே இந்நூலின் அடிப்படை என்பது ஆய்வுலகம் அறிந்தது. பின்வந்த தாவரவியலார் முன்னதைக் காயில் அடர்ந்த மயிருடைய சொலானம் லேசியோகார்பம் எனவும், பின்னதைச் செந்நிறப் பழமுடைய சொலானம் வயொலேசியம் அல்லது அதனை ஒட்டிய இனம் எனவும் கண்டனர். இரண்டும் ஆசியாவுக்குரியவை, இரண்டும் சொலானம் டார்வம் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேலைக்கடற்கரையில், சுண்ட என்னும் சொல் அமெரிக்கச் செடியைச் சாராமலே வழங்கியது என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மலையாளத்தில் செறுசுண்ட என்பது எதுவோ அதுவே தமிழ் நூல்களின் சுண்டையும் ஆகும் என முடிவுகட்டிவிடலாகாது. சொலானம் வயொலேசியத்துக்கும் அதன் நெருங்கிய உறவான சொலானம் அங்குய்விக்கும் தமிழில் சிறுவழுதுணை, கறிமுள்ளி முதலிய தனிப்பெயர்கள் உள்ளன. வடமொழி மருத்துவத்தின் பிருகதிக்கு நேராக நம்மவர் கொள்வது சிறுவழுதுணையையே. ஒரே பாடலில் சிறுவழுதுணையும் சுண்டையும் தனித்தனியே எண்ணப்பட்டிருந்தால் அங்குச் சுண்டை வேறு செடியாகவே இருக்க வேண்டும். தென்னிந்தியக் குன்றுகளில் இயல்பாய் வளரும் சொலானம் பியூபெசென்ஸ் அவ்விடத்துக்குப் பொருந்தக்கூடிய ஒன்று. அதனையும் மலைச்சுண்டை, காட்டுச்சுண்டை என்னும் பெயர்களால் அழைப்பதுண்டு. ஆக, பழைய சுண்டைக்கு ஒரே விடை தேடுவதைவிட, நூலுக்கு நூல், வட்டாரத்துக்கு வட்டாரம் விடை மாறலாம் என ஏற்பதே முறை.

பழம்பெயர் புதுப்பொருளுக்கு ஏறுதல்

கடல்கடந்து வந்த தாவரங்களுக்குத் தமிழர் பெயரிட்ட முறைகளை நோக்கினால் இம்முரண் விளங்கும். கொய்யா, பப்பாளி, அன்னாசி என்பன வந்தவர் மொழியிலிருந்து கொண்ட பெயர்கள். சீமைக்கருவேல், சீமையகத்தி என்பன பழம்பெயருக்கு அடைகொடுத்து அமைந்தவை. மிளகாய் என்பது காரத்தின் ஒப்புமையால் மிளகிலிருந்து கிளைத்த புதுச்சொல். இம்மூன்று முறைகளிலும் பெயரே செடியின் புதுமையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மிளகாயை மிளகென மயங்கிய உரையாசிரியர் எவருமில்லை.

நான்காவதாக ஒரு முறை உள்ளது. புதுப்பொருள் பழம்பெயரை மாற்றமின்றி எடுத்துக்கொள்ள, பழம்பொருள் அடையொன்றைத் தாங்கி ஒதுங்குகிறது. முந்திரிகை என்பது பழந்தமிழில் திராட்சைக்கொடி. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சையே. தமிழிலோ பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொணர்ந்த மரத்தின் பெயராக முந்திரி நிலைத்துவிட, திராட்சை கொடிமுந்திரி ஆயிற்று. கடலையின் கதையும் இதுவே. பல மாவட்டங்களில் கடலை என்றாலே நிலக்கடலை. பழைய கடலை கொண்டைக்கடலை என்றும் மூக்குக்கடலை என்றும் அடைபெற்றுவிட்டது.

சுண்டையை இந்நான்காம் முறையில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பெரிய காயும், முட்குறைவும், ஆண்டு முழுவதும் காய்க்கும் இயல்பும் கொண்ட புதுச்செடி வீட்டுப்புறத்தைப் பிடித்துக்கொண்டு சுண்டை என்னும் பெயரையும் பெற்றது. முன்னர் அப்பெயருக்குரியவாயிருந்த காட்டினங்கள் மலை, காடு என்னும் அடைகளோடு ஒதுங்கின. திராட்சையும் முந்திரிப்பருப்பும் பார்வையிலேயே வேறாதலின் அங்கு மயக்கம் எழுவதில்லை. சுண்டையிலோ இருபொருளும் ஒரே பேரினத்துச் செடிகள், காய் ஒத்திருக்கும், கசப்பும் ஒத்திருக்கும். மாற்றம் நடந்ததற்கான தடயம் எஞ்சாமற் போனதற்கு அதுவே காரணம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழியை இச்செடியின் பழமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். பணம் ஒரு நாணயத்தின் பெயராய் வழங்கிய காலத்தில் சுண்டைக்காய் சுமையாகச் சந்தைக்குச் சென்றது, மலிவாய் விற்றது என்ற அளவிலேயே அது பயன்படும். எந்தச் சுண்டை என்பதைப் பழமொழி சொல்லாது.

சுண்டைவற்றல் சூரணம்

சித்த மருத்துவத்தில் சுண்டையின் பெயரை முன்னிறுத்திய மருந்து சுண்டைவற்றல் சூரணம். சுண்டைவற்றல், கறிவேப்பிலை, மாங்கொட்டைப் பருப்பு, ஓமம், நெல்லிவற்றல், மாதுளையோடு, வெந்தயம் ஆகிய ஏழு சரக்குகளை வறுத்து இடித்துச் சேர்ப்பது இது. கழிச்சல், கிராணி, மூலம் ஆகியவற்றுக்கு மோரில் கலந்து தருவர். மாங்கொட்டைப் பருப்பும் மாதுளையோடும் துவர்ப்பு மிக்கவை, குடலைக் கட்டுபவை. அவற்றோடு கசப்பும் கார்ப்பும் உடையவற்றைச் சேர்த்திருக்கும் இம்மருந்தின் அமைப்பு நுட்பமானது.

ஏழனுள் ஆறு சரக்குகள் பழைய உலகத்துக்குரியவை; இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஏழாவதாகிய சுண்டையை மட்டும் சொலானம் டார்வம் எனக் கொண்டால் இரண்டில் ஒன்று உண்மையாதல் வேண்டும். இம்மருந்து 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் அமைந்ததாகலாம். அன்றி, அமைந்தபோது வேறொரு சுண்டையைக் கொண்டிருந்து பின்னர்ப் புதுச்செடிக்கு மாறியதாகலாம். முதலாவதை இழுக்கென எண்ணித் தள்ள வேண்டியதில்லை. பறங்கிப்பட்டையையும் பறங்கிநோயையும் பேசும் சித்த நூல்கள் பல. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னும் இம்மருத்துவம் புதுச்சரக்குகளை ஆராய்ந்து ஏற்றது என்பதற்கு அவையே சான்று. மரபு என்பதைத் தொன்மையோடு மட்டும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் நம் துறையில் மிகுதி. மிளகாயை அரை நூற்றாண்டிலோ ஒரு நூற்றாண்டிலோ தன்னதாக்கிக்கொண்ட சமூகம் சுண்டையையும் அவ்வாறே ஆய்ந்து தன்னதாக்கிக்கொண்டது என்பதில் குறைவொன்றுமில்லை.

இரண்டாவது உண்மையாயின் சிக்கல் வேறு வகையானது. மருந்தின் பெயர் மாறாமல் அதன் முதற்சரக்கு மாறியிருக்கிறது. நூல் கூறும் குணங்கள் ஒரு செடிக்கும், ஆய்வகத்தில் சோதிக்கப்படும் சாறு மற்றொரு செடிக்கும் உரியவாகிவிடும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சொலானம் டார்வத்தின் காயிலிருந்து பிரித்த மெத்தில் காஃபியேட் என்னும் பொருள் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் குருதிச் சர்க்கரையைக் குறைத்ததாகக் காட்டியது. அம்முடிவு அச்செடியின் காய்க்கு உரியது. அதனைப் பழம்பாடலொன்றின் மெய்மைக்குச் சான்றாக்குவதற்கு முன், பாடலின் சுண்டை எது என்பதை நிறுவ வேண்டும். எலிகளில் கண்டது மனிதருக்கும் ஆகுமா என்பது அதற்கும் அப்பாற்பட்ட தனிக்கேள்வி.

சுண்டைக்காயளவு

சுண்டை மருத்துவ நூல்களில் சரக்காக வருவதோடன்றி அளவையாகவும் வருகிறது. கடுகளவு, மிளகளவு, குன்றியளவு, கடலையளவு, சுண்டைக்காயளவு, கழற்சிக்காயளவு, நெல்லிக்காயளவு என மாத்திரை, மெழுகு, இலேகியம் ஆகியவற்றின் அளவைக் காய்களாலும் விதைகளாலும் குறிப்பது சித்த நூல்களின் வழக்கு. சரக்குப் பற்றிய ஐயத்தைவிட அளவை பற்றிய ஐயமே உடனடி விளைவுடையது என்று தோன்றுகிறது.

சொலானம் வயொலேசியத்தின் காய் 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுடையது. சொலானம் டார்வத்தின் காய் 10 முதல் 15 மில்லிமீட்டர். பார்வைக்கு வேறுபாடு சிறிதே. ஆனால் உருண்டையின் கன அளவு விட்டத்தின் மும்மடிப்படி கூடுவதால், 8 மில்லிமீட்டர் உருண்டையைவிட 12 மில்லிமீட்டர் உருண்டை 3.4 மடங்கு மருந்தைக் கொள்ளும். இரு எல்லைகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு 6 மடங்குக்கும் மேலாகிறது. இரசம், சேங்கொட்டை போன்ற கடுஞ்சரக்குகள் சேரும் மெழுகுகளில் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட இயலாது.

குன்றிமணிக்கு இத்தகைய இடர் இல்லை. செடி மாறவில்லை, விதையும் ஏறத்தாழ ஒரே எடையுடையது, இன்று 130 மில்லிகிராம் எனத் தரப்படுத்தியும் கொண்டனர். கடலையளவு சுண்டையைப் போன்றே ஐயத்துக்குரியது. இன்று ஊர்ப்புறத்தில் ஒருவரிடம் கடலையளவு என்று சொன்னால் அவர் மனத்தில் எழுவது நிலக்கடலைப் பருப்பு.

இதற்கொரு மறுப்பும் எழலாம். அளவுகள் நூல்வழி அல்லாமல் கைவழியாகவே கற்பிக்கப்பட்டன; ஆசிரியர் உருட்டிய உருண்டையைப் பார்த்து மாணவர் உருட்டினர்; எனவே காய் மாறினும் உருண்டை மாறவில்லை என்பது அது. பரம்பரை மருத்துவர் ஒருவரிடம் சுண்டைக்காயளவு எவ்வளவு என இக்கட்டுரையாளர் வினவியபோது, அவர் காய் எதையும் எடுத்துக்காட்டாமல் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து ஓர் இடைவெளியைக் காட்டினார். அவ்விடைவெளி கொல்லையில் நின்ற சுண்டைக்காயைவிடச் சிறியதாகவே இருந்தது. ஒருவர் கையைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. எனினும் கைவழி அறுபட்டு, அச்சுநூலையும் சந்தைக்காயையும் மட்டும் நம்பி மருந்து செய்வோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நஞ்சும் இனங்காணலும்

சொலானப் பேரினத்துக் காய்களில் ஸ்டீராய்டு கிளைக்கோஆல்கலாய்டுகள் என்னும் கசப்புப் பொருள்கள் இனத்துக்கு இனம் வேறுபட்ட அளவில் உள்ளன. வழக்கமாக உண்ணப்படும் சொலானம் டார்வமும் சிலபோது நஞ்சாகலாம் என்பதை, சுசும்பாக் காயை உண்டு நோயுற்றவர்களைப் பற்றி 2008இல் நச்சியல் இதழொன்றில் வெளியான கட்டுரை காட்டியது. வயிற்றுப்போக்கோடு பேச்சுக் குழறல், நடைத்தள்ளாட்டம், பார்வை மங்கல் ஆகிய நரம்புசார் குறிகளும் அவர்களிடம் காணப்பட்டன. நோய் செய்த காய்களுக்கும் செய்யாத காய்களுக்கும் கிளைக்கோஆல்கலாய்டு அமைப்பில் வேறுபாடு இருந்தது. ஓரினத்துக்குள்ளேயே இத்துணை வேறுபாடு இருக்குமாயின், மலைச்சுண்டை என்னும் ஒரே பெயரில் பலவினக் காய்களைக் கலந்து விற்பது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மலைச்சுண்டை என்னும் பெயரில் சொலானம் எரியாந்தமும் சுட்டப்படுவதுண்டு. அதனை வேறுபடுத்துவது எளிது. அதில் முள்ளே இராது. இலை மடல்படாமல் முழுமையாய், தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும். காயிலும் நுண்மயிர் உண்டு. வெண்பூவும் மழமழப்பான காயும் சிலமுட்களும் மடல்பட்ட இலையும் கொண்டது சொலானம் டார்வம். ஊதாப்பூவும் நெருங்கிய முள்ளும் செம்மஞ்சள் பழமும் கொண்டது சொலானம் வயொலேசியம். வற்றலாகிவிட்டபின் இவ்வேறுபாடுகளுள் பெரும்பாலானவை மறைந்துவிடும் என்பதால், செடியில் இருக்கும்போதே காண்பது நன்று.

பதிப்பிலும் அகராதியிலும்

மருத்துவச் சுவடியைப் பதிப்பிப்பவர் சுண்டை வருமிடத்தில் தாவரவியற்பெயரை மூலபாடத்தின் அருகே அடைப்புக்குள் இடுவதைத் தவிர்த்து, அடிக்குறிப்பில் தம் ஊகமாகவே தரலாம். பாடலில் பூவின் நிறம், பழத்தின் நிறம், முள், மயிர் பற்றிய அடை ஏதேனும் உண்டா, சிறுவழுதுணையும் கண்டங்கத்திரியும் உடன் வருகின்றனவா, பறங்கிப்பட்டை போன்ற காலங்காட்டும் சரக்கு அந்நூலில் உள்ளதா, சுவடி கிடைத்த வட்டாரம் எது என்னும் நான்கும் அக்குறிப்பில் இடம்பெறுமாயின் பின்வருவோர் சரிபார்க்க இயலும். குமரி மாவட்டச் சுவடிகளில் மலையாள வழக்கின் பொதுப்பெயர்ப் பொருளே இருக்கவும் கூடும் என்பதால் அவற்றுக்குத் தனிக்கவனம் வேண்டும்.

அகராதியில் சுண்டைக்குப் பொருள் எழுதும்போது, முள்ளுடைய சிறுகாய்ச் சொலான வகைகளின் பொதுப்பெயர் என்பதை முதற்பொருளாகவும், சொலானம் டார்வம் என்பதைப் பிற்கால வழக்காகவும் வரிசைப்படுத்தலாம். முந்திரிக்கு இவ்வரிசை பொருந்துமாறு போலவே சுண்டைக்கும் பொருந்தும். சுண்டைக்காயளவு என்பதற்குத் தனிப்பதிவு தந்து, விட்டத்தை 8 முதல் 15 மில்லிமீட்டர் என ஐயத்தோடு குறிப்பதே, ஓர் எண்ணை உறுதியாக எழுதுவதைவிட மருந்து செய்வோர்க்குப் பயன்படும்.